கயிறு பிடிக்க ஒரு மச்சான்

பனிமய மாதா துணை

தூத்துக்குடி,
ஜூன் 9.

அன்பும் பண்பும் பொறுமையும், முக்கியமாகப் பொறுமையும் நிறைந்த மச்சான் ரெக்சனுக்கு, உன் அத்தான் சிலுவை எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அக்கா இசபெல்லாவும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். என் வலது முழங்கால் அதற்குச் சம்மதிக்கவில்லை. மற்றபடி ஒரு குறையுமில்லை. அங்கே திருப்பூரில் நீயும் பிளாரன்ஸும் பிள்ளைகளும் முழங்கால் உட்பட நன்றாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ கேட்கலாம். வாட்ஸ்அப்பில் உனக்குப் பதினோரு செய்தி அனுப்பினேன். பதினொன்றுக்கும் நீல டிக் விழுந்தது, பதில்தான் விழவில்லை. போன் செய்தால் மூன்றாவது மணியில் கட்டாகிறது. அதனால்தான் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டிய தபாலில் அனுப்புகிறேன். கிடைக்கவில்லை என்று இனி நீ சொல்ல முடியாது.

விஷயத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி நான் இமயமலையில் ஏறப் போகிறேன். நீ கூட வந்து கயிறு பிடிக்க வேண்டும். நீ வராவிட்டால் நான் போக முடியாது. அவ்வளவுதான். கடிதத்தைக் கீழே வைத்துவிடாமல் மேலே படி.

உனக்குத் தெரியும், நான் துறைமுகத்தில் இருபத்திரண்டு வருடம் கிரேன் ஓட்டியவன். பதின்மூன்று மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, காலடியில் கண்டெய்னர்களைத் தூக்கித் தூக்கிக் கப்பலில் வைத்தவன். ஓய்வு பெற்ற அன்று ஒரு சால்வையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்துக் கீழே இறக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் ஏறிய அதிகபட்ச உயரம் வீட்டுப் பரண், அதுவும் உன் அக்காளுக்கு இட்லிக் கொப்பரை எடுத்துக் கொடுக்க. போன வருடம் மாதா திருவிழாவில் கூட்டத்தில் நின்றபோது எனக்கு ஒரு நினைப்பு வந்தது. பிறந்ததிலிருந்து நாம் கும்பிடுவது பனிமய மாதாவை. ஆனால் இந்த ஊரில் அறுபது வருடமாக நான் பார்த்த பனியெல்லாம் சீலா மீனுக்கு மேல் கொட்டும் ஐஸ்தான். 'ஒரு தடவையாவது உன் பனியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வருகிறேன் தாயே' என்று நேர்ந்துகொண்டேன். மனதுக்குள் நேர்ந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற உன் அக்கா, "வாய்விட்டுச் சொல்லிட்டிய, இனி மாத்த முடியாது பாத்துக்கிடுங்க" என்றாள். ஏதோ குற்றாலம் போய்வருகிற சங்கதி என்று நினைத்துக்கொண்டு சொல்லியிருக்க வேண்டும்.

ஓய்வு பெற்றவர்களை மலைக்குக் கூட்டிப் போவதற்கென்றே ஒரு பெண் இருக்கிறாள். பெயர் பேச்சிச்செல்வி, எட்டயபுரத்துக்காரி, வயது முப்பத்தொன்று. வடக்கே மலையேற்றப் பள்ளிக்கூடத்தில் முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கியவள். அவள் கூட்டிப் போகிற சிகரம் ஐயாயிரத்து முந்நூறு மீட்டர். எங்கள் கிரேனை ஒன்றன் மேல் ஒன்றாக நூற்று முப்பது தடவை நிறுத்தினால் எவ்வளவோ, அவ்வளவு. முதல் நாளே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஐயா, பதினஞ்சு கிலோ பையத் தூக்கிக்கிட்டுத் தெனமும் ஏத்தத்துல நடக்கணும்" என்றாள். இந்த ஊரில் ஏற்றத்துக்கு எங்கே போவது மச்சான்? தூத்துக்குடியில் ஒரு கோலிக்குண்டை நடுரோட்டில் வைத்தால் நாளைக் காலையும் அது அங்கேயேதான் கிடக்கும். கடைசியில் மேம்பாலத்தைப் பிடித்தேன். பையில் பதினைந்து கிலோ புழுங்கலரிசியைப் போட்டுக்கொண்டு காலை ஐந்தரை மணிக்கு ஏறினேன். அங்கேதான் நம் ஊர்க்காரர்களின் இரக்க குணம் எனக்கு எமனாக வந்தது. ஒரு லாரி நின்றது. "அண்ணாச்சி, ஏறிக்கிடுங்க, எங்க போணும்?" என்றான் டிரைவர். "எங்கயும் போகல்ல தம்பி, சும்மா ஏறி எறங்குதேன்" என்றேன். அவன் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்து, "வீட்டுல சண்டையா அண்ணாச்சி?" என்று தோளில் கைவைத்தான். அவனுக்குச் சமாதானம் சொல்லி அனுப்புவதற்குள் அடுத்த லாரி நின்றது. மூன்றாம் நாள் மீன் கூடைகளோடு போன ஒரு ஷேர் ஆட்டோவில் இருந்த பெண்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பையோடு தூக்கி உள்ளே உட்கார வைத்து மார்க்கெட்டில் கொண்டுபோய் இறக்கினார்கள். நான்காம் நாள் பையில் ஓட்டை. பாலத்து உச்சியிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் அரிசிக் கோடு. அந்தக் கோட்டில் ஆறு ஆடுகளும் ஊர்க் காக்கைகளும் எனக்குப் பின்னால் ஊர்வலமாக வந்தன. உன் அக்கா வாசலில் நின்று ஆடுகளைத்தான் முதலில் விசாரித்தாள்.

சரி, பாலம் வேண்டாம், பனி மாதிரியே வெள்ளையாக ஒரு மலை நம் ஊரில் இருக்கிறதே என்று சங்கரபாண்டியன் அண்ணாச்சியின் உப்பளத்துக்குப் போனேன். வாரிக் குவித்த உப்பு அம்பாரம் இருபது அடிக்கு நிற்கிறது. பேச்சிச்செல்வியும் பார்த்துவிட்டு, "பழகுறதுக்குத் தோதா இருக்கு" என்றாள். வழுக்காமல் இருக்க பூட்ஸுக்கு அடியில் கட்டுகிற இரும்புப் பற்களைக் கட்டிக்கொண்டு, கம்பளிச் சட்டை, கையுறை, கறுப்புக் கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு, ஏப்ரல் மாத வெயிலில் காலை பத்து மணிக்கு ஏற ஆரம்பித்தேன். இரண்டடி ஏறினால் ஒன்றரை அடி சறுக்குகிறது. நான் பாதி போவதற்குள், தலையில் உப்புக் கூடையோடு வெறுங்காலில் எட்டுப் பெண்கள் என்னைத் தாண்டி மேலே போய்க் கொட்டிவிட்டுக் கீழே இறங்கி, மறுபடியும் கூடையோடு தாண்டிப் போனார்கள். ஒருத்தி திரும்பிப் பார்த்து, "அண்ணாச்சி, கையக் குடுங்க, மேல கொண்டு விட்டுருதேன்" என்றாள். மானம் போயிற்று. வேகமாகக் காலை வைத்ததில் இரும்புப் பல் பக்கத்தில் மூடியிருந்த தார்ப்பாயில் மாட்டி, தார்ப்பாய் கிழிந்து, நான் அதற்குள் சுருண்டு, உருண்டு, அண்ணாச்சியின் காலடியில் வந்து சேர்ந்தேன். அண்ணாச்சி கோபப்படவில்லை. "ஏலே சிலுவை, ஒன்ன மூட்டையோட எடை போட்டு அனுப்பிருவானுவ போல இருக்கே, எந்திரி" என்றார். நல்ல மனிதர். முழங்கால் சிராய்ப்பில் உப்பு பட்டு நான் போட்ட சத்தம் மட்டும் மணப்பாடு வரைக்கும் கேட்டிருக்கும்.

அடுத்தது குளிர். உடம்பைக் குளிருக்குப் பழக்க வேண்டும் என்றாள். மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் கெஞ்சிக் கேட்டு, பாளம் பாளமாக ஐஸ் அடுக்கியிருக்கும் அறையில் தினமும் கால் மணி நேரம் உட்கார அனுமதி வாங்கினேன். முதல் நாள் நன்றாகத்தான் போயிற்று. இரண்டாம் நாள் பொறுப்பில் இருந்த ஆள் நான் உள்ளே இருப்பதை மறந்து கதவைச் சாத்திக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டான். நான் செபமாலையில் பத்துப் பத்து மணியாக மூன்று காரணிக்கம் முடித்து நான்காவதில் இருந்தபோது கதவு திறந்தது. மீசையெல்லாம் வெள்ளை. விசைப்படகுக்கு ஐஸ் ஏற்ற வந்தவர்கள் என்னைப் பார்த்து, "இது என்னலே, ஐஸ்ஸோட ஆளும் வருது" என்று சொல்லிக்கொண்டே ஆளுக்கொரு பக்கம் பிடித்து வெயிலில் கொண்டுவந்து வைத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு வாரம் என் மேல் மீன் வாசம் போகவில்லை. தெருப் பூனைகள் எல்லாம் என்னைத் தங்கள் சொந்தக்காரனாக ஏற்றுக்கொண்டன. உன் அக்கா மட்டும் ஏற்றுக்கொள்ளவில்லை. எனக்குச் சாப்பாடு வெளிவாசலில்.

உடம்பு இப்படி என்றால் மனசுக்குத் தனிப் பயிற்சி. "மேல போகப் போகக் காத்து கொறையும். பதட்டப்படக் கூடாது. மூச்சுலயே கவனம் இருக்கணும் ஐயா" என்று பேச்சிச்செல்வி சொன்னாள். இதைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. காற்றுக் குறைவை எனக்கா சொல்லித் தருகிறாள்? சங்கு குளித்த குடும்பம் நம்முடையது. என் அப்பா ஒரே மூச்சில் அடித்தரைக்குப் போய் இரண்டு கையிலும் சங்கோடு வந்தவர். காற்று இல்லாத இடத்தில் என்ன செய்ய வேண்டும்? மூச்சை அடக்க வேண்டும். இது கடற்கரையில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆகவே நான் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் முகத்தை முக்கி இருபது நாள் பழகி, அறுபத்தைந்து எண்ணும் வரைக்கும் வந்துவிட்டேன். பிறகு அரிசிப் பையோடு பாலத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினேன். நாற்பது எண்ணியது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் ஞாபகம் இருப்பது, யாரோ என் முகத்தில் கோலி சோடா ஊற்றியதும், அதே லாரிக்காரன், "நான் அன்னைக்கே நெனச்சேன், வீட்டுல சண்டைதான்" என்று கூட்டத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்ததும்தான்.

சேதி கேட்டுப் பேச்சிச்செல்வி ஓடிவந்தாள். "ஐயா, மூச்ச ஏன் அடக்குனிய? அங்க நல்லா இழுத்து இழுத்து விடணும்!" என்றாள். "எங்க அப்பா அடக்கித்தானம்மா..." என்று நான் ஆரம்பித்தேன். அவள் பொறுமையாகச் சொன்னாள்: "அது கீழ போறதுக்கு ஐயா. நாம மேல போறோம்லா."

இந்த ஒரு வார்த்தையை யாராவது இருபது நாள் முன்னாடி சொல்லியிருந்தால் தொட்டித் தண்ணீராவது மிச்சமாகியிருக்கும்.

இனிமேல்தான் மச்சான் உன் பங்கு வருகிறது. குடும்பத்தார் சம்மதப் படிவம் என்று ஒன்று இருக்கிறது. அதில் உன் அக்கா கையெழுத்துப் போட்டால்தான் என் பெயர் பட்டியலில் ஏறும். கையெழுத்து வாங்க பேச்சிச்செல்வி வீட்டுக்கே வந்தாள். உன் அக்கா அவளுக்கு மக்ரூன் கொடுத்து, டீ கொடுத்து, பேனாவையும் கையில் எடுத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து இந்தப் பெண் பையிலிருந்து கயிற்றை எடுத்து, "பயப்படாதிய அம்மா, பனியில நடக்கும்போது ரெண்டு ரெண்டு பேரா இடுப்புல கயிறு கட்டிருவோம். ஒருத்தர் வழுக்குனா இன்னொருத்தர் பிடிச்சுக்கிடுவாங்க" என்றாள். உன் அக்கா பேனாவை மூடினாள்.

"இவுக கயித்த யாரு பிடிப்பா?"

"கூட வாரவங்க யாராவது பிடிப்பாங்கம்மா. அன்னைக்குச் சீட்டுக் குலுக்கிப் போடுவோம்."

"சீட்டுக் குலுக்கியா? ஏளா, எங்க மாமா கடலுக்குள்ள எறங்கையில கயிறு யாரு கையில இருந்துச்சு தெரியுமா ஒனக்கு?"

பேச்சிச்செல்வி கரிசல்காட்டுப் பெண், அவளுக்கு எப்படித் தெரியும்? உனக்கும் எனக்கும் தெரியும். குளியாள் கண்டவன் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டுத் தண்ணீருக்குள் குதிக்க மாட்டான். பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் தோணியில் நின்று பிடிப்பான். பிடி நழுவினால் அறுபடுவது தன் சகோதரியின் தாலி என்று அவன் கைக்குத் தெரியும். என் அப்பாவுக்கு என் தாய்மாமன் பிடித்தார். இரண்டு பேருக்கும் மனஸ்தாபம் என்றால் அன்றைக்குத் தோணியே போகாது. பேசித் தீர்த்துவிட்டுத்தான் போவார்கள். இதையெல்லாம் உன் அக்கா ஒரு மூச்சில் சொல்லிவிட்டு, "எந்தம்பி வந்து பிடிச்சான்னா கையெழுத்துப் போடுதேன். இல்லன்னா இந்தத் தாள மீன் பொதிய வச்சுக்கிடுதேன்" என்று உள்ளே போய்விட்டாள். மாதாவிடம் வாய்விட்டுச் சொன்ன நேர்ச்சை ஒரு பக்கம், உன் அக்கா ஒரு பக்கம். இரண்டு பேரையும் எதிர்த்து நான் இந்த ஊரில் குடியிருக்க முடியுமா?

ஆகவே நம் மனஸ்தாபத்தைத் தீர்த்துவிடுவோம். உன் மகள் முதல் தடவை நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் பிரியாணியில் உப்பில்லை என்று நான் சொன்னது தப்பு. உப்பில்லை என்பது தப்பில்லை, சொன்னதுதான் தப்பு. அதிலும் மைக்கில் சொன்னது பெரிய தப்பு. வாழ்த்திப் பேசச் சொல்லி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அது ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. நான் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னது மண்டபத்துக்கே கேட்டுவிட்டது. மன்னித்துக்கொள் மச்சான். உண்மையாகவே மனசு கஷ்டமாக இருக்கிறது. ஒன்றரை வருடமாக நீ பேசாமல் இருப்பதில் முதல் ஆறு மாதம் எனக்கும் வீம்புதான். அதற்குப் பிறகு வெறும் வெட்கம். நீ இல்லாத கிறிஸ்மஸ் எனக்கு ருசிக்கவில்லை, உப்பு சரியாக இருந்தும்.

உனக்கு உயரம் என்றால் பயம் என்பாய். தெரியும். சின்ன வயதில் என் கிரேனைப் பார்க்க வந்து, இரண்டாவது ஏணியில் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாய். உன் விரல்களைப் பிரிக்க நான்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். அன்றைக்கே எனக்கு ஒன்று விளங்கியது: நீ எதையாவது பிடித்துவிட்டால் விட மாட்டாய். கயிறு பிடிக்கிறவனுக்கு வேறென்ன தகுதி வேண்டும்? லீவு கிடைக்காது என்பாய். பனியன் கம்பெனியில் ஐரோப்பாக்காரனுக்குக் குளிர் உடுப்புத் தைத்து அனுப்புகிறவன் நீ, அது உண்மையிலேயே குளிர் தாங்குமா என்று பரீட்சை பண்ணப் போகிறேன் என்று சொல். முதலாளி சந்தோஷமாக அனுப்புவார். வரும்போது எனக்கு நாற்பத்திரண்டு சைஸில் இரண்டு செட் கொண்டு வா.

ஜூலை இருபத்தாறு மாதா திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன்னால் குடும்பத்தோடு வந்து சேர். பிளாரன்ஸுக்கு என் மரியாதையைச் சொல். பிள்ளைகள் நெற்றியில் நான் சிலுவை போட்டதாக நீயே போட்டுவிடு. மாதா உங்கள் எல்லோரையும் தன் மேலாடையின் நிழலில் வைத்துக்கொள்வாளாக.

மூச்சை இப்போது ஒழுங்காக விட்டுக்கொண்டிருக்கும்,
உன் அத்தான்
சிலுவை

பின்குறிப்பு (ஜூன் 11): மச்சான், நீ வர வேண்டாம்.

உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்த நேரத்தில் உன் அக்கா கடிதத்தை எடுத்து நின்றபடியே முழுக்கப் படித்துவிட்டாள். பிரியாணி வந்த இடத்தில், "உப்பில்லங்கது உண்மைதான்" என்று அவளும் சொன்னாள், இதை நீ மனதில் வைத்துக்கொள்ளாதே. தாலி வந்த இடத்தில் நிறுத்தினாள். திரும்ப ஒரு தடவை படித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "ஏங்க, தாலி கெடக்கது என் கழுத்துல. கயிறு மட்டும் எதுக்கு அவங்கையில?" என்றாள்.

நான் மறுபடியும் பசையைத் தேட ஆரம்பித்தேன்.

"அந்தக் காலத்துல பொம்பளையத் தோணியில ஏத்த மாட்டாவ. அதனால தம்பிய ஏத்துனாவ. மலைக்கு அப்படிச் சட்டம் ஏதும் இருக்கா, அந்தப் பிள்ளைட்ட கேளுங்க" என்றாள். நான் கேட்கவில்லை, அவளே போனைப் பிடுங்கிக் கேட்டாள். அப்படி ஒரு சட்டமும் இல்லையாம்.

நேற்றுக் காலை உப்பளத்தில் பேச்சிச்செல்வி எங்கள் இரண்டு பேரின் இடுப்பிலும் கயிற்றைக் கட்டினாள். விரலில் மாட்டுகிற கருவியில் ஆக்சிஜன் பார்த்தாள். எனக்குத் தொண்ணூற்றைந்து, உன் அக்காளுக்குத் தொண்ணூற்றொன்பது. அம்பாரத்தில் ஏறினோம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உன் அக்கா உப்பளத்துப் பெண்களைப் போலவே ஏறினாள். உச்சியில் வைத்து என்னிடம், "ஐயா, சும்மா வழுக்குற மாதிரி நடிங்க" என்றாள் பேச்சிச்செல்வி. நான் நடிக்க நினைத்துக் காலைத் தூக்கியதும் நிஜமாகவே வழுக்கிவிட்டது. தலைகீழாகப் போகிறேன், அண்ணாச்சி கீழே நின்று "ஏலே, ஏலே" என்று கத்துகிறார். பாதியில் இடுப்பில் வெடுக்கென்று ஒரு பிடி. நின்றுவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால், உன் அக்கா இரண்டு குதிகாலையும் உப்புக்குள் புதைத்து, அப்படியே உட்கார்ந்து, கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டிருக்கிறாள். முப்பத்து மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. முகம் மட்டும் வெளுத்திருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது மச்சான். அண்ணாச்சி கேட்டதற்கு உப்பு பட்டுவிட்டது என்றேன்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். பட்டியலில் எங்கள் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. நீ கொடியேற்றத்துக்கு விருந்தாளியாக வா, குளிர் உடுப்பில் அக்காளுக்கும் இரண்டு செட் சேர்த்துக் கொண்டு வா.

ஒரே ஒரு சங்கடம். நேற்று உப்பளத்திலேயே கயிற்றை அவிழ்க்கப் போனேன், உன் அக்கா விடவில்லை. "ஆகஸ்ட் வரைக்கும் கை பழக வேண்டாமா?" என்கிறாள். கட்டிய கயிற்றோடுதான் பஸ் ஏறி, மார்க்கெட் வழியாக வீட்டுக்கு வந்தோம். இதை நான் முன்னறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், மறுமுனை அடுப்பங்கரையில் இருக்கிறது. ஒரு தடவை இழுத்தால் தேங்காய் துருவ வர வேண்டும், இரண்டு தடவை இழுத்தால் சாப்பிட வர வேண்டும் என்று ஏற்பாடு.

ஒரு தடவைதான் இழுத்திருக்கிறாள். போகிறேன்.